பதினெட்டு லட்சத்தில் மிச்சம் 128

அலுவலகக் கணினியில் எக்செல்லைத் திறந்து, ஒரு கட்டத்தில் 1962 ஆகஸ்ட் 16 என்று தட்டி, அந்தக் கட்டத்தை ‘தேதி’யிலிருந்து ‘எண்’ணுக்கு மாற்றிப் பார்த்தால் தேதி காணாமல் போய் 22,874 வந்து நிற்கும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள் அது. எக்செல்லுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. 1900-இல் தொடங்கி விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்ததில் அந்த நாளுக்கு விழுந்த எண் அது, அவ்வளவுதான்.

அந்த 22,874-உடன் 18,26,553-ஐக் கூட்டினால் 18,49,427. இது பஞ்சாங்கக்காரரின் எண். கலியுகம் பிறந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 3102 பிப்ரவரி 18-லிருந்து அன்றுவரை கழிந்த நாள்கள் இத்தனை. கலி தினம் என்பார்கள். கணித நூல்களில் அகர்கணம் என்று வரும். எக்செல் எண்ணோடு எப்போதும் அதே 18,26,553-ஐக் கூட்டினால் போதும், 1900 மார்ச் முதல் எந்தத் தேதிக்கும் கலி தினம் வந்துவிடும். இரண்டுமே நாளை எண்ணும் கணக்கு. எங்கே தொடங்குவது என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது 18,49,427-ஐ ஏழால் வகுக்க வேண்டும். மிச்சம் 6. கலி பிறந்த கிழமை வெள்ளி. எனவே மிச்சம் 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி, 6 என்றால் வியாழன். 1962 ஆகஸ்ட் 16 வியாழக்கிழமைதான். பதினெட்டு லட்சத்துச் சொச்சம் நாள்களில் ஒரே ஒரு நாளைத் தவறவிட்டிருந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் கணக்கைத் தொடங்குமுன் செய்யும் முதல் சோதனை இது. கடைக்காரர் கல்லாவை எண்ணிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதைப் போல.

நம் மேடைகளில் பெரிய எண்களுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு மாதிரியானது. கலியுகம் 4,32,000 ஆண்டு, மகாயுகம் 43,20,000 ஆண்டு என்று பேச்சாளர் அடுக்கும்போது கூட்டம் வாய் பிளக்கும். நம் முன்னோர் எவ்வளவு பெரிதாகச் சிந்தித்தார்கள் என்று கைதட்டல் எழும். பெரிய எண்ணைச் சொல்வதில் ஒரு வித்தையும் இல்லை. பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டால் பத்து மடங்கு பெரிதாகிவிடும். அந்த எண்ணை வைத்து நாளை என்ன நடக்கும் என்று சொல்லத் தெரிவதுதான் வித்தை. அதைத் தெரிந்தவர்கள் எண்ணின் பருமனைக் கொண்டாடவில்லை. வேண்டாத பருமனைக் கழித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

1825-ஆம் ஆண்டு ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய புத்தகம் சென்னையில் அச்சானது. எழுதியவர் ஜான் வாரன். பெயரும் பதவியும் ஆங்கிலம். ஆள் பிறப்பில் பிரெஞ்சு வழி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிதறிப்போன குடும்பத்திலிருந்து வந்து ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். கோலார் பகுதியில் தங்கம் கிடைப்பதைப் பற்றி 1802-இல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைப் பொறுப்பில் வைத்திருந்தார். தென்னிந்தியர் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று துருவியவர், கடைசியில் 1830-இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

புதுச்சேரியில் வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் வாரனுக்காக ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவு, ஜூன் 1 விடிவதற்குள் நடக்கவிருந்த கிரகணம். கணிதரின் கையில் ஏடு இல்லை, காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எடுத்தும் சேர்த்தும், மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கணக்கை முடித்தார். அட்டவணை என்றால் வாய்ப்பாடு போல எண்களின் வரிசை அல்ல. சொற்கள். அதற்குப் பிறகு வருவோம்.

அவர் போட்ட கணக்கின் எலும்புக்கூட்டை யாரும் போட்டுப் பார்க்கலாம். 1825 மே 31-க்குக் கலி தினம் 17,99,312. ஏழால் வகுத்தால் மிச்சம் 4. வெள்ளியிலிருந்து நான்கு தள்ளினால் செவ்வாய். சரிதான், அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்து, அதிலிருந்து 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மீதி 1,98,328.

ஒரு வகுப்பறையில் தரையில் சுண்ணக்கட்டியால் ஆறு கட்டம் போட்டு, லட்சத்தில் ஒரு சோழி, பத்தாயிரத்தில் ஒன்பது, ஆயிரத்தில் எட்டு, நூறில் மூன்று, பத்தில் இரண்டு, ஒன்றில் எட்டு என்று வைத்தால் மொத்தம் 31 சோழி. இதிலிருந்து 12,372-ஐ முடிந்தவரை கழிக்க வேண்டும். முதலில் பத்து மடங்கை ஒரே மூச்சில் எடுத்தால் 74,608. பிறகு ஆறு மடங்கு. பதினாறு முறை கழித்தபின் தரையில் 376 நிற்கும். அடுத்த கழிப்பு 3,031. 376-இலிருந்து அது போகாது, விட்டுவிடலாம். அதற்கடுத்தது 248. ஒரு முறை போகும். மிச்சம் 128. முப்பத்தொரு சோழியில் தொடங்கிய கணக்கு பதினோரு சோழியில் வந்து நின்றுவிட்டது. நிலவு அன்று எங்கே இருக்கும் என்பதற்கு, மனப்பாடமாக வைத்திருக்கும் 248 வரிகளில், அதாவது வாக்கியங்களில், 128-ஆவது வரியைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கழித்த ஒவ்வொன்றுக்கும் உரிய பாகை கலைகளை அதோடு சேர்க்க வேண்டும். உதாரணமாக, 248 நாள் கழித்ததற்கு 27 பாகை 44 கலை 6 விகலை.

ஐயாயிரம் ஆண்டுகள் எங்கே போயின? கழித்ததில் போயின. நிலவுக்கு அவை தேவையில்லை.

இந்த எண்களுக்குப் பெயர்கள் உண்டு. வாரன் தம் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் குறித்து வைத்தார்: 16,00,984 வேதம், 12,372 ரசகெரிக, 3,031 கலாநிலம், 248 தேவரம். கேட்டால் ஏதோ சமயச் சொற்கள் போல ஒலிக்கும். உண்மையில் இவை எண்களேதான். கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். க, ட, ப, ய நான்குமே 1. அங்கிருந்து அகர வரிசையில் ஏறிக்கொண்டே போகும். சொல்லைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். ‘கமல’ என்றால் க 1, ம 5, ல 3, திருப்பினால் 351. தேவரத்தில் த வரிசையின் மூன்றாம் எழுத்து 8, வ 4, ர 2, திருப்பினால் 248. கலாநிலத்தில் 1, 3, 0, 3, திருப்பினால் 3031. ரசகெரிக: 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12372. வேதம் என்ற சொல்லிலேயே 16,00,984-இன் கடைசி இரண்டு இலக்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெயரைச் சொன்னாலே எண் வந்துவிடும், மறந்தாலும் மீட்டெடுக்கலாம்.

தமிழ் எழுத்தில் இதை எழுதினால் ஒரு சங்கடம். நமக்கு ஒரே த. வடமொழியில் அங்கே நான்கு எழுத்து, நான்கு இலக்கம். ஆறா, ஏழா, எட்டா, ஒன்பதா என்று தமிழ் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இந்த வாக்கியங்களைக் கிரந்தத்தில் எழுதினார்கள், அல்லது காதும் நாக்கும் மட்டுமே ஏடாக வைத்துக்கொண்டார்கள். சிறு பிள்ளையிலேயே பிடித்து உட்காரவைத்து ஓதவைத்ததற்கு இதுவும் காரணம்.

ஏன் 248, ஏன் 3,031? நிலவு ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது. தொலைவில் போகும்போது சோம்புகிறது. ஒரு சோம்பலிலிருந்து அடுத்த சோம்பலுக்கு ஏறத்தாழ 27.55 நாள். இந்தச் சொச்சம்தான் தொல்லை. நாளுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட வேண்டுமானால் சுற்று முழு நாளில் முடிய வேண்டும். ஒரு சுற்றுக்கு 28 நாள் என்றால் தவறு அதிகம். இரண்டு சுற்றுக்கு 55 நாள் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்றால் தவறு பதின்மூன்று நிமிடம்தான். நூற்றுப் பத்து சுற்றுக்கு 3,031 நாள் என்றால், இன்றைய அளவீட்டின்படியே தவறு ஒரு நிமிடம்கூட இல்லை.

இந்த எண்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு சரடு தெரியும். 55-ஐ நான்கு முறை எடுத்து 28-ஐக் கூட்டினால் 248. 248-ஐப் பன்னிரண்டு முறை எடுத்து 55-ஐக் கூட்டினால் 3,031. 3,031-ஐ நான்கு முறை எடுத்து 248-ஐக் கூட்டினால் 12,372. சுற்றுகளின் எண்ணிக்கையும் அதே படியில் ஏறுகிறது: 1, 2, 9, 110, 449. பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் மறுபடி வகுத்து, அந்த மீதியால் இன்னொரு முறை வகுத்துக்கொண்டே போகும் முறை இது. யூக்ளிட் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கச் சொன்ன வழி. ஆரியபடர் கி.பி. 499-இல் குட்டகம் என்ற பெயரில் வானியல் கணக்குக்குப் பயன்படுத்திய வழியும் அதுவே. குட்டகம் என்றால் இடிப்பது, பொடிப்பது. பெரிய எண்ணை உரலில் போட்டு இடித்துப் பொடியாக்குவது என்று எடுத்துக்கொண்டால் பொருத்தமான பெயர்தான்.

எண்களைத் துருவுவதில் ருசி உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம். 3,031 என்பது 7 பெருக்கல் 433, அதாவது சரியாக 433 வாரம். நிலவு தன் சோம்பலுக்குத் திரும்பும் நாள் அதே கிழமையில் விழுகிறது. 16,00,984-ஐப் பகாக் காரணிகளாக உடைத்தால் 8 × 7 × 11 × 23 × 113. அங்கேயும் ஏழு இருக்கிறது. கலி தொடங்கி அத்தனை நாள் கழிந்தால் வருவது கி.பி. 1282 மே 22, வெள்ளிக்கிழமை. கலி பிறந்த அதே கிழமை. எனவே 16,00,984-ஐக் கழித்தபிறகும் கிழமைச் சோதனை கெடுவதில்லை. 1,98,328-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், மறுபடி 4, மறுபடி செவ்வாய். ஏழு எண்களில் ஒன்றுக்கு வாய்க்கும் அதிர்ஷ்டம்தான். ஆனாலும் வசதி வசதியே.

அந்த 1282-ஐ ஒட்டிய கணக்கைக் கொண்ட ‘வாக்கியகரணம்’ என்ற வடமொழி நூலை டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து, சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த அதே ஆண்டு.

வாரனுக்கு முன்பே இன்னொருவர் இதே ஊரில் இதைக் கற்றுக்கொண்டு போயிருந்தார். கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டவர். 1761-இல் முதல் வாய்ப்பு. அவர் கப்பல் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது எதற்கும் உதவவில்லை. எட்டு ஆண்டு ஊர் திரும்பாமல் சுற்றிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 அதிகாலை, இடிந்து கிடந்த புதுச்சேரிக் கோட்டையில் கருவிகளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பியபோது அவர் செத்துப்போனதாக முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில்தான் அந்தக் கோட்டை இருந்தது. சுற்றுலா வருபவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள்.

ஆனால் கதையின் மறுபாதி யார் வாயிலும் வருவதில்லை. சுக்கிரனுக்காகக் காத்திருந்த மாதங்களில் லெ ஜான்தி உள்ளூர்த் தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை இரு வழியிலும் ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் அன்றைய மிகச் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூட்டிச் சொன்னது. லெ ஜான்தி இதை மறைக்காமல் எழுதினார்.

இந்த இடத்தில் பெருமை பேசுவோர் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். லெ ஜான்தி கொண்டுபோன குறிப்புகளை வைத்து பாரிஸில் ழான் சில்வேன் பாயி என்ற வானியலாளர் 1787-இல் ஒரு நூல் எழுதினார். கி.மு. 3102-இல் இந்தியர்கள் உண்மையாகவே வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை துல்லியம் என்றார். லாப்லாஸ் ஏற்கவில்லை. கலியின் தொடக்கம் கண்ணால் பார்த்த நாள் அல்ல. பிற்காலத்தவர் கோள்களின் சராசரி வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு எட்டிய நாள் என்றார். லாப்லாஸ் சொன்னதுதான் நின்றது. பாயி எண்ணின் பருமனில் மயங்கினார். புதுச்சேரித் தரையில் சோழி வைத்தவரோ அந்தப் பருமனை முதல் கழிப்பிலேயே தள்ளிவிட்டிருந்தார். அவருக்கு கலியின் தொடக்கம் ஒரு மைல்கல், அவ்வளவே. மைல்கல்லை யாரும் கும்பிட வேண்டியதில்லை.

வாரனுக்குக் கணித்துக் காட்டிய 1825 கிரகணத்தின் முடிவும் நமக்குத் தெரியும். அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபவர் அதைச் சரிபார்த்தார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதமே இல்லாமல், பல நூற்றாண்டுப் பழைய மாறிலிகளை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு இது அபாரம். பிழையே இல்லாத தெய்வ வாக்கு என்பதற்கு இது போதாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

நொய்கெபவர் 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் மனம் பாபிலோனியக் களிமண் பலகைகளில் ஊறியது. 248 நாள் என்பதைப் பார்த்ததும் துள்ளியிருப்பார். அதே 248 பாபிலோனியப் பலகைகளில் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ் ஒன்றில் 248-உம் 3,031-உம் சேர்ந்தே இருக்கின்றன. யாரும் எழுத்தில் சொல்லிவைக்காத ஓர் உறவை இரண்டு எண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. மெசபடோமியாவில் தொடங்கிய ஒரு வழி, கடல்தாண்டி, கைமாறி, தமிழ் வாயில் தேவரம் ஆகி, வாரனின் காலம்வரை வேலை செய்துகொண்டிருந்தது. ‘எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று’ என்போருக்கு இது கசக்கும். ‘எல்லாம் வெளியிலிருந்தே வந்தது’ என்போருக்கும் அப்படி இனித்துவிடக் கூடாது. கொண்டுவந்ததைக் கடபயாதிச் சொல்லாக்கி, குட்டகத்தால் நீட்டி, வரியாக்கி ஓதிக் காத்தது இங்கே நடந்த வேலை.

காப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக் காரைக்காலில் இருக்கும் திருநள்ளாறு அதை நேரிலேயே காட்டுகிறது. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா டிசம்பரில்தான் நடந்தது. 2025 மார்ச் 29-இல் அடுத்த பெயர்ச்சி என்று திருக்கணிதக்காரர்கள் சொன்னபோது, கோயில் நிர்வாகம் வாக்கியப்படி 2026-இல்தான் என்று அறிவிக்க வேண்டிவந்தது. வானத்தில் இருப்பது ஒரே சனிதான். திருக்கணிதம் இன்றைய அளவீடுகளை எடுத்துக்கொள்கிறது. வாக்கியம் பழைய மாறிலிகளை அப்படியே வைத்திருக்கிறது. சிறு பிழை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். எந்தக் கணக்கில் விழா எடுப்பது என்பது கோயிலின் உரிமை; மரபைக் காப்பதில் தப்பில்லை. வாக்கியத்தை முதலில் கட்டியவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொண்டவர்கள். கேரளத்துச் சங்கமகிராம மாதவன் நிலவின் வாக்கியங்களை விகலைவரை திருத்திக் கொடுத்தார்.

பழைய எண்ணில் மாட்டிக்கொள்வது பஞ்சாங்கத்துக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. பழைய கணினி நிரல்கள் பல 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அவற்றுக்கென ஒதுக்கிய பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் பெட்டி நிரம்பும். மாற்றாத நிரல்கள் அடுத்த விநாடியில் 1901-க்குத் தாவிவிடும். இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது, பகா எண். அதை 1772-இல் நிரூபித்தவர் ஆய்லர். லெ ஜான்தி ஊர் திரும்பிய மறு ஆண்டு. கணினிக்காரர்களும் ஒரு தொடக்க நாளை நட்டு, அங்கிருந்து எண்ணி, மிச்சத்தில் வாழ்கிறார்கள் என்பது பஞ்சாங்கக் கணிதருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம், இந்தக் கட்டுரையின் ஆதங்கமும் அங்கேதான். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூலைப் பின்பற்றின. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற பாடத்தில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம் இருக்கிறது, மட்டு எண்கணிதம் இருக்கிறது. ஏழால் வகுத்து மிச்சத்தை வைத்துக் கிழமை கண்டுபிடிப்பது அந்த மட்டு எண்கணிதம்தான். அரசுப் பள்ளிகள் கட்டங்களாக மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அங்கே பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் இல்லை. ‘சுமையைக் குறைக்கிறோம்’ என்ற பெயரில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றத்தையும் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பாடத்திட்ட மாற்றத்துக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். மிச்சத்தை வைத்துக் கிரகணம் சொன்ன ஊரின் பிள்ளைகள் மிச்சக் கணக்கை இழந்தது மட்டும் நல்ல பேரமல்ல.

பாரம்பரிய அறிவைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று இப்போது எல்லாப் பக்கமும் பேச்சு. சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு யுகங்களின் நீளத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் அது பாயி செய்த தவறு. கணக்காசிரியர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு வகுப்பு நேரம், முப்பது நாற்பது சோழி, ஒரு சுண்ணக்கட்டி போதும். முதல் வகுப்பு நேரத்தில் அவரவர் பிறந்த தேதியைக் கலி தினமாக்கி, ஏழால் வகுத்து, வீட்டில் அம்மாவிடம் கிழமையைக் கேட்டுச் சரிபார்க்கலாம். தப்பாக வந்தால் எங்கே ஒரு நாள் தொலைந்தது என்று தேட வேண்டும். தேடுகிறபோதுதான் லீப் ஆண்டு எதற்கு என்று புரியும். அடுத்த வகுப்பு நேரத்தில் 1,98,328-ஐத் தரையில் பரப்பி 128-க்கு இறக்கலாம். அதற்குள் நூறில் நிற்க வேண்டிய சோழியைப் பத்தில் வைத்துவிட்டு எவனாவது முழிப்பான். பக்கத்திலிருப்பவள் அதைச் சுட்டிக்காட்டுவாள். இடமதிப்பு என்பது இரண்டாம் வகுப்புப் பாடம் மட்டுமல்ல என்று அப்போது தெரியும்.

புதுச்சேரிக்கு இரண்டு நாள்கள் உண்டு. ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்த 1962 ஆகஸ்ட் 16. எது உண்மையான விடுதலை நாள் என்று இன்னும் சிலர் வாதாடுவதுண்டு. முதலாவதன் கலி தினம் 18,46,582. ஏழால் வகுத்தால் மிச்சம் 3, திங்கள். இரண்டாவது, மேலே பார்த்தபடி, 18,49,427. இரண்டுக்கும் இடையே 2,845 நாள். அதாவது 406 வாரம், அதற்குமேல் மூன்று நாள்: செவ்வாய், புதன், வியாழன்.